ஒரே பேர், ரெண்டு கார்ட்: 50 டொலர் வித்தியாசத்தில் ஏமாறுறது ஆர்?



இந்தக் கிழமை எபிசோட்டில் கேமிங் பிசி கட்டுறதைப் பற்றிக் கதைச்சம். நேரம் போனதே தெரியேல்லை. நான் சொல்ல நினைச்ச முக்கியமான விசயம் கடைசி நிமிச அவசரத்தில் அமுங்கிப் போச்சு. அதை இங்கை ஆறுதலா எழுதுறன்.

முடிவை முதலே சொல்லிப்போடுறன். நடுத்தர பட்ஜெட்டில் பிசி கட்டுற ஆளுக்கு ஒரு விதி காணும். பிறகு கூட்டக்கூடிய சாமானை இப்ப அளவா வாங்குங்கோ. பிறகு கூட்டவே முடியாத சாமானை இப்பவே சரியா வாங்குங்கோ. இந்த விதியைப் பிடிச்சுக்கொண்டு போனால் முதலில் வந்து நிக்கிறது கிராபிக்ஸ் கார்டின் மெமரி. எனக்குக் கோவம் வாற இடமும் அதுதான். ஏனெண்டால் என்விடியாவும் சரி, ஏஎம்டியும் சரி, ஒரே பேரில் ரெண்டு வேற கார்ட் விக்கினம்.

பெட்டியில் இருக்கிற பேரை நம்பலாமா?

2025 ஏப்ரலில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ வந்தது. 8 ஜிபி மெமரியோட 379 அமெரிக்க டொலர், 16 ஜிபியோட 429 டொலர். அதே வருசம் ஜூனில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி வந்தது. 8 ஜிபி 299, 16 ஜிபி 349. இது எல்லாம் அறிமுக விலை. கடை விலை இடத்துக்கு இடம் மாறும். எங்கட ஒன்ராறியோவில் அதுக்கு மேல 13 சதவீதம் எச்எஸ்டி வேற.

ரெண்டு கம்பனியிலும் வித்தியாசம் 50 டொலர். சிப் ஒண்டு, பேர் ஒண்டு. ஆனால் பாவிக்கேக்க அது ரெண்டும் ஒரே கார்ட் இல்லை.

கார்டின் மெமரி என்ன செய்யுது என்று தெரியாத ஆக்களுக்கு ஒரு உதாரணம். சமையலறை மேசையை யோசிச்சுப் பாருங்கோ. வெட்டின வெங்காயம், தூள் போத்தல், சட்டி எல்லாம் மேசையில் கைக்கெட்டின தூரத்தில் இருந்தால் சமையல் ஓடும். மேசையில் இடம் இல்லையெண்டால்? ஒவ்வொரு சாமானுக்கும் பேஸ்மென்டில் இருக்கிற மற்ற ஃபிரிட்ஜுக்கு இறங்கி ஏறோணும். சமைக்கிற ஆள் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் சாப்பாடு பிந்தும். கிராபிக்ஸ் சிப்தான் சமைக்கிற ஆள், கார்டின் மெமரிதான் மேசை. கேமில் வாற சுவர், முகம், புல்லு, வெளிச்சம் எல்லாம் அந்த மேசையில்தான் இருக்கோணும். இடம் காணாட்டில் அது பிசியின் சாதாரண ராமுக்குப் போய் வரும். அந்தப் பயணம் மிச்சம் மெதுவானது.

அப்ப என்ன நடக்கும்? சராசரி எஃப்பிஎஸ் நல்லாத்தான் இருக்கும், ஆனால் கதவைத் திறக்கேக்க ஒருக்கா, திரும்பிப் பார்க்கேக்க ஒருக்கா என்று படம் திக்கித் திக்கி நிக்கும். சில கேம் இன்னும் கள்ளம்: வேகத்தைக் குறைக்காமல், உங்களுக்குச் சொல்லாமல், படத்தின் தரத்தைக் குறைச்சுப்போடும். கிராஃபில் ரெண்டு கார்டும் ஒரே உயரத்தில் நிக்கும். உங்கட திரையில் ஒண்டில் முகம் தெளிவா இருக்கும், மற்றதில் மெழுகு உருகின மாதிரி இருக்கும்.

பழைய மதர்போர்டில் போடப்போறீங்கள் எண்டால் இன்னும் கவனம். 5060 டிஐ பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் எட்டு லேன்தான் பாவிக்கும். புதிய போர்டில் அது பிரச்சினை இல்லை. 3.0 தலைமுறைப் போர்டில் 8 ஜிபி கார்டைப் போட்டால், பேஸ்மென்டுக்குப் போற படியும் ஒடுங்கின மாதிரி. 9060 எக்ஸ்டிக்கு 16 லேன் இருக்கு.

"8 ஜிபி காணும்தானே?"

இதுக்கு நேர்மையா பதில் சொல்லோணும். வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ் மட்டும்தான் விளையாடப் போறீங்கள் எண்டால், ஓம், காணும். 8 ஜிபி கார்ட் குப்பை என்று நான் சொல்லேல்லை. 2025 மே மாசம் இந்தச் சண்டை கிளம்பினபோது ஏஎம்டி பக்கமும் இதைத்தான் சொன்னது: பெரும்பாலான ஆக்கள் 1080பியில் விளையாடுகினம், அவைக்கு இதுக்கு மேல தேவையில்லை என்று.

ஆனால் கணக்கைப் பாருங்கோ. 2016இல் ஏஎம்டியே ஆர்எக்ஸ் 480 என்ற கார்டை 8 ஜிபியோட 239 டொலருக்கு வித்தது. ஒன்பது வருசம் கழிச்சும் அதே 8 ஜிபி, விலை மட்டும் 299. இடையில் கேம் சும்மா இருக்கேல்லை. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கும் மொத்த மெமரி 16 ஜிபி. பெரிய ஸ்டூடியோக்கள் அந்த அளவை மனசில் வைச்சுத்தான் கேம் செய்யினம். 2024 டிசம்பரில் வந்த இன்டியானா ஜோன்ஸ் கேமுக்கு ஆகக்குறைஞ்ச தேவையே 8 ஜிபி கார்ட். கவனியுங்கோ, ஆகக்குறைஞ்சது. இண்டைக்கு ஆகக்குறைஞ்ச அளவில் ஒரு கார்டைப் புதுசா வாங்கி, அதை அஞ்சு வருசம் ஓட்ட நினைக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை.

அந்த 50 அமெரிக்க டொலர், கனேடியக் காசில் ஏறக்குறைய 70. ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபரில் இருந்து ஆகக்குறைஞ்ச சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60. அதாவது நாலு மணித்தியால ஷிஃப்ட் ஒண்டு. ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூட வேலை செய்தால், கார்டின் ஆயுளில் ரெண்டு வருசம் கூடும் என்று வைச்சுக்கொள்ளுங்கோ. ராமைப் பிறகு கூட்டலாம். எஸ்எஸ்டியைப் பிறகு கூட்டலாம். கார்டின் மெமரி போர்டில் ஒட்டினது. அதைக் கூட்ட வழியில்லை.

காசு இன்னும் இறுக்கம் எண்டால், 2024 டிசம்பரில் 249 டொலருக்கு வந்த இன்டெல் ஆர்க் பி580ஐயும் பாருங்கோ. அதில் 12 ஜிபி இருக்கு. ஒரு நிபந்தனை: ரீசைசபிள் பார் வேலை செய்யிற, ஓரளவு புதிய புரொசெசரோடதான் அது ஒழுங்கா ஓடும். பத்து வருசப் பழைய பிசிக்கு அது மருந்தில்லை.

விலை குடுக்கிறது ஆர்?

யூடியூப்பில் ஒரு மணித்தியால ரிவியூ பார்க்கிற உங்களுக்கு 8க்கும் 16க்கும் வித்தியாசம் தெரியும். இந்தப் பேர் விளையாட்டு உங்களுக்காகச் செய்தது இல்லை. அது உங்கட அம்மா அப்பாவுக்காக.

எங்கட வீடுகளில் பிசி எப்பிடி வாங்குப்படுது என்று உங்களுக்குத் தெரியும்தானே. மகனுக்குக் கேமிங் பிசி வேணுமாம். சீட்டுக் காசு வந்திருக்கு, இல்லாட்டில் பொக்சிங் டே சேல் போட்டிருக்கு. அப்பா கடையில் நிக்கிறார். அட்டையில் "5060 டிஐ, 32 ஜிபி" என்று பெரிசா எழுதியிருக்கு. அந்த 32 பிசியின் ராம். கார்டின் மெமரி எவ்வளவு என்று அட்டையில் சில நேரம் எழுதியே இருக்காது. அவர் வீட்டில் ஆரையும் கேட்டால், "5060 டிஐ எண்டால் திறம், நல்ல ரிவியூ" என்றுதான் பதில் வரும். அந்த ரிவியூ எந்தக் கார்டுக்கு வந்தது? அறிமுகத்தின்போது ரிவியூ செய்யிற ஆக்களுக்கு என்விடியா பக்கத்தில் இருந்து போனது 16 ஜிபி கார்ட்தான். 8 ஜிபி கார்டைச் சோதிக்க நினைச்ச ஆக்கள் தாங்களே காசு குடுத்து வாங்கிச் சோதிச்சவை.

இது முதல் தடவையும் இல்லை. 2016இல் ஜிடிஎக்ஸ் 1060 என்ற பேரில் 3 ஜிபி கார்டும் 6 ஜிபி கார்டும் வந்தது. அதில் மெமரி மட்டுமில்லை, சிப்பின் கோர் எண்ணிக்கையே குறைவு: 6 ஜிபியில் 1,280, 3 ஜிபியில் 1,152. பேர் மட்டும் ஒண்டு.

"கம்பனி எண்டால் அப்பிடித்தான், என்ன செய்யிறது" என்று சொல்லுற ஆக்களுக்கு நான் ஒரு சம்பவத்தை ஞாபகப்படுத்துவன். 2022 செப்டம்பரில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4080ஐ 12 ஜிபி, 16 ஜிபி என்று ரெண்டு விதமா அறிவிச்சது. 12 ஜிபியில் இருந்தது வேற, சின்னச் சிப். உலகம் முழுக்கச் சத்தம் போட்டதில், ஒக்டோபரிலேயே அந்த 12 ஜிபி கார்டைத் திருப்பி எடுத்தினம். 2023 ஜனவரியில் அதே கார்ட் 4070 டிஐ என்ற பேரில் வந்தது. முதலில் சொன்ன விலை 899, பிறகு வந்த விலை 799. பேர் மாறினதோட நூறு டொலரும் குறைஞ்சுது.

அப்ப பேரை மாத்த ஏலும். அது 900 டொலர் கார்ட், சத்தம் போட ஆக்கள் இருந்தவை. 300 டொலர் கார்ட் வாங்குற ஆளுக்குச் சத்தம் போட ஆர் இருக்கினம்? என்ரை கருத்து இதுதான்: 8 ஜிபி கார்டை விக்கட்டும். மலிவா விக்கட்டும். ஆனால் வேற பேர் வையுங்கோ. பேர் ஒண்டா இருக்கிறதால் லாபம் எடுக்கிறது, கேள்வி கேக்கத் தெரியாத ஆளிட்டை இருந்துதான்.

மிச்சச் சாமானுக்கும் அதே விதி

இனி கட்டுவம். கார்டுக்குப் பிறகு கூட்டமுடியாத சாமான் எது? மதர்போர்டின் சொக்கெட். இதில் சரித்திரம் எங்களுக்கு நல்ல பாடம் தந்திருக்கு. 2017இல் முதல் ரைசனுக்காக ஏஎம்4 போர்ட் வாங்கின ஆள், பயஸ் அப்டேட் செய்துபோட்டு, 2022இல் வந்த 5800எக்ஸ்3டியை அதே போர்டில் போட்டுக்கொண்டார். அஞ்சு வருச வித்தியாசம், ஒரே போர்ட். அதே 2017இல் வந்த இன்டெல் எட்டாம் தலைமுறை, அதுக்கு முந்தின போர்டில் ஓடாது, சொக்கெட்டின் பேர் ஒண்டா இருந்தாலும்.

அதனால் இப்ப புதுசாக் கட்டுற ஆளுக்கு நான் சொல்லுறது ஏஎம்5 போர்ட் ஒண்டு, அதில் ரைசன் 5 7600. ஆறு கோர், பெட்டிக்குள்ளேயே கூலரும் வரும். 9600எக்ஸ் கொஞ்சம் வேகம், ஆனால் கூலர் தனிய வாங்கோணும். 300, 400 டொலர் கார்டோட 1440பியில் விளையாடேக்க, அனேகமான கேமில் பிசியைப் பிடிச்சு வைக்கிறது கார்ட்தான், புரொசெசர் இல்லை. எக்ஸ்3டி புரொசெசருக்கு இப்ப காசைக் கொட்டத் தேவையில்லை. மூண்டு நாலு வருசம் கழிச்சு விலை விழுந்தபிறகு அதே போர்டில் மாத்திக்கொள்ளுங்கோ. விதி ஞாபகம் இருக்குதானே?

இந்த இடத்தில் ஒரு மாமா கட்டாயம் கேப்பார்: "ஐ7 போட்டால் நல்லதுதானே தம்பி?" ஐ7 என்ற பேரும் அதே கதைதான். 2011இலும் ஐ7 இருந்தது. எத்தினையாம் தலைமுறை என்று கேளாமல் ஐ7 வாங்குறது, எந்த வருசம் என்று கேளாமல் கார் வாங்குற மாதிரி. செகண்ட் ஹாண்டில் இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறைப் பெரிய புரொசெசர் வாங்குறதெண்டால் இன்னும் விசாரியுங்கோ. அதில் காலப்போக்கில் நிலை தடுமாறுற பிரச்சினை இருந்ததை 2024இல் இன்டெலே ஒத்துக்கொண்டு, வாரண்டியை ரெண்டு வருசம் கூட்டினது. பயஸ் அப்டேட் போட்டுத்தான் ஓடினதா என்று கேளுங்கோ.

அடுத்தது பவர் சப்ளை. இதைப் பிறகு மாத்தலாம், ஆனால் மாத்திறதெண்டால் எல்லா வயரையும் கழட்டோணும். ஆரும் விருப்பப்பட்டுச் செய்யிற வேலை இல்லை. இந்தக் கார்டுகளுக்கு நல்ல 650 வாட் ஒண்டு தாராளம். "80 பிளஸ் கோல்ட்" என்ற முத்திரை கரண்ட் எவ்வளவு வீணாகாமல் போகுது என்றுதான் சொல்லும், பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாது. அதனால் வாரண்டியைப் பாருங்கோ. நல்ல சாமானுக்கு ஏழு, பத்து வருசம் குடுப்பினம். ஒரு எச்சரிக்கை: பழைய பவர் சப்ளையின் கழட்டிப் பூட்டுற வயரைப் புதிய பவர் சப்ளையில் பூட்டாதேங்கோ. பிளக் பொருந்தும், ஆனால் உள்ளுக்கு வயர் ஒழுங்கு கம்பனிக்குக் கம்பனி வேற. எஸ்எஸ்டியோ போர்டோ எரிஞ்சு போகும்.

எஸ்எஸ்டி 1 டிபி காணும், மற்றது பிறகு பூட்டலாம். கேஸ் காத்து போற மெஷ் முகப்பு எண்டால் சரி. ஆர்ஜிபி லைட்டுக்குக் குடுக்கிற காசில் ஒரு ஃபிரேமும் கூடாது.

ராம்: இந்த வருசத்துத் தலையிடி

ஒரு வருசத்துக்கு முதல் எழுதியிருந்தால் "32 ஜிபி டிடிஆர்5 போடுங்கோ" என்று ஒரு வரியில் முடிச்சிருப்பன். 2025 கடைசியில் எல்லாம் தலைகீழாப் போச்சு. ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரி கேட்டுக் கம்பனிகள் வரிசையில் நிக்க, கடை ராமின் விலை சில மாசத்துக்குள்ள ரெண்டு, மூண்டு மடங்காப் போச்சு. டிசம்பர் 3ஆம் திகதி மைக்ரோன் நிறுவனம், 29 வருசமா நாங்கள் கடையில் வாங்கின குரூஷல் வியாபாரத்தை மூடப்போறதா அறிவிச்சது.

இங்கைதான் விதி கை குடுக்குது. ராம் பிறகு கூட்டக்கூடிய சாமான். 16 ஜிபியோட தொடங்குங்கோ. ரெண்டு 8 ஆ, ஒரு 16 ஆ? ரெண்டு குச்சி எண்டால் இப்ப வேகம் கூட. ஒரு குச்சி எண்டால் கொஞ்சம் ஃபிரேம் குறையும், ஆனால் விலை இறங்கினபிறகு அதே மாடலில் இன்னொண்டைப் பக்கத்தில் பூட்டலாம். நான் ஒரு 16 குச்சியைத்தான் சொல்லுவன். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஒவ்வொரு ஃபிரேமும் எண்ணுற ஆக்கள் ரெண்டு 8 போடுங்கோ. ராமில் மிச்சம் பிடிக்கிற காசு நேர கார்டுக்குப் போகட்டும்.

எந்த ராமெண்டாலும் பயஸுக்குள்ள போய் எக்ஸ்போவை ஓன் பண்ணுங்கோ. இல்லாட்டில் 6000க்குக் காசு குடுத்து 4800இல் ஓட்டிக்கொண்டிருப்பீங்கள். எச்டிஎம்ஐ வயரை மதர்போர்டில் இல்லை, கார்டில் குத்துங்கோ. மொனிட்டர் 144 ஹேர்ட்ஸ் எண்டால் விண்டோஸ் செட்டிங்கில் 144 என்று தெரிவு செய்யுங்கோ. இந்த மூண்டுக்கும் ஒரு சதமும் செலவில்லை.

கட்டின பிசி வாங்கினால் பாவமா?

இல்லவே இல்லை. ராம் இந்த விலை விக்கிற நேரத்தில், கடைக்காரர் பழைய விலையில் எடுத்து வைச்ச ராமோட கட்டின பிசி சில நேரம் மலிவாவும் வரும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிஞ்சதால், கன வீடுகளில் இப்ப புதுப் பிசிக் கதை நடக்குது. உங்களிட்டைத்தான் கேப்பினம். குடும்பத்தின் ஐடி டிபார்ட்மென்ட் நீங்கள்தானே.

அப்ப மாமாவுக்கும் சித்திக்கும் நாலு கேள்வியை எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கோ, கடையில் வாசிச்சுக் கேக்கட்டும்:

ஒண்டு, கிராபிக்ஸ் கார்டின் சொந்த மெமரி எவ்வளவு, 8ஆ 16ஆ?
ரெண்டு, ராம் எத்தினை குச்சி, மேல பூட்ட இடம் இருக்கா?
மூண்டு, பவர் சப்ளை எந்தக் கம்பனி, எத்தினை வாட், சாதாரண அளவா?
நாலு, மதர்போர்டின் மாடல் நம்பர் என்ன?

மூண்டாவதும் நாலாவதும் ஏன் எண்டால், சில கட்டின பிசிகளில் போர்டும் பவர் சப்ளையும் அந்தக் கம்பனியின் சொந்த அளவில் இருக்கும். பிறகு ஒண்டையும் மாத்த ஏலாது. கூட்டக்கூடிய சாமானையும் கூட்டமுடியாத சாமானா மாத்திப்போட்டினம் என்று அர்த்தம்.

கடைக்காரர் இந்த நாலுக்கும் பதில் சொல்லாட்டில், அந்தப் பிசியை அங்கையே விட்டிட்டு வாங்கோ. பதில் தெரியாத சாமானுக்கு எங்கட ஆக்கள் ஷிஃப்ட் அடிச்சு உழைச்ச காசைக் குடுக்கத் தேவையில்லை.

நீங்கள் கட்டப்போற லிஸ்ட் இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. பட்ஜெட், எந்த ஊர், என்ன கேம், மூண்டையும் எழுதுங்கோ. அடுத்த எபிசோட்டில் சிலதை எடுத்துக் கதைப்பம். 8 ஜிபிதான் சரி என்று நினைக்கிற ஆக்களும் எழுதுங்கோ, சண்டை பிடிப்பம்.

சந்திப்பம்!